தாஹோவின் காதுக்குப் பின்னால் ஒரு சடை

நடுங்குவது தரையா, நாயா, தன் கையா என்று லித்தாவுக்குப் பிடிபடவில்லை.

மூன்றில் ஏதோ ஒன்று தொடங்கிவைக்கிறது, மற்ற இரண்டும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. அதுவரைக்கும் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்து, தாஹோவின் இடது காதை மடக்கிப் பிடித்து, அதன் பின்னால் கல்லைப்போல் இறுகித் தொங்கும் சடைக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். உடனே எல்லாம் நடுங்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் எல்லாம் அடங்கிவிடும். அவள் கத்தரிக்கோல் எடுக்கிற நேரம் பார்த்தா பூமி ஆடப்போகிறது?

ஆனாலும் ஆடலாம். பெரிய நடுக்கம் வந்து வாரங்கள் ஆகியும் சின்ன நடுக்கங்கள் ஓயவில்லை. சுவர் வெடித்த வீட்டுக்குள் போகப் பயந்து தெருவே தார்ப்பாய்க்குக் கீழே குடித்தனம் நடத்துகிறது. இதற்குள் யாருக்கும் தன் உடம்பின்மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆடுவதுபோல் இருக்கும்; எழுந்து ஓடிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒருமுறை ஏமாந்த உடம்பு இன்னொருமுறை ஏமாறக்கூடாது என்று, நெஞ்சு துடிப்பதைக்கூட நிலநடுக்கமாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எல்லாரும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீருக்குப் பயம் கிடையாது. அது பொய் சொல்லாது.

லித்தாவும் ஒரு தம்ளரை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். தாஹோவின் தோல் நடுங்கியது, அவள் விரல் நடுங்கியது. தம்ளரைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் அசையவே இல்லை.

சரி, தரை இல்லை. அப்படியென்றால் நாயா, கையா?

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாள் கணக்கில் நேரம் இல்லை. சடைக்குள்ளிருந்து காலையிலேயே ஒரு வாடை வந்தது, மழையில் நனைந்த சாக்கு அழுகியதுபோல். பச்சை மின்னும் ஈ ஒன்று அந்தக் காதையே சுற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிருக டாக்டர் விலாமோருக்குப் போன் போட்டாள். பாலம் உட்கார்ந்துவிட்டதால் இவள் போகவும் முடியாது, அவர் வரவும் முடியாது.

"வாடை வருதா? அப்ப சடைக்கு அடியில தோல் அழுகிப் புண்ணாயிருக்கு" என்றார் டாக்டர். "ஈ முட்டை போட்டிருந்தா புழு வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. காது பக்கத்துல வேற இருக்கு. புழு உள்ள இறங்கிடுச்சுன்னா நான் நேர்ல இருந்தாலும் கஷ்டம்தான். இன்னைக்கு வெளிச்சம் இருக்கும்போதே சடையை வெட்டி எடுத்துடுங்க. உப்புத் தண்ணியில கழுவிக் காய விடுங்க."

"என்னால முடியுமான்னு தெரியல டாக்டர்."

"நீங்கதானே எப்பவும் வெட்டுவீங்க? ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. சடை தோலை இழுத்துக்கிட்டு நிக்கும், கூடாரம் மாதிரி. முடின்னு நினைச்சுத் தோலை வெட்டிடுவாங்க. காதுக்குப் பின்னாடி தோல் காகிதம் மாதிரி. கை ஆடக்கூடாது."

கை ஆடக்கூடாது. அதைச் சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்துவிட்டார்.

தாஹோ சின்ன நாய். தெருவில் காலைவேளையில் வாளியில் சூடாக விற்க வரும் இளம் சோயாத் தயிரின் நிறம். அதனால்தான் அந்தப் பெயர். முடி நீளம், பட்டுபோல் மெல்லியது. அப்படிப்பட்ட முடிக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில்போலக் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. உதிர்ந்த முடி விழாமல் நிற்கும் முடிக்குள் மாட்டிக்கொண்டால், செதிலோடு செதில் கொக்கிபோட்டுக்கொள்ளும். காது, அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம் என எங்கெல்லாம் ஓயாமல் உரசல் இருக்கிறதோ அங்கெல்லாம் முதல் சிக்கு விழும். சிக்கு விழுந்த அன்றே நுனியிலிருந்து மெல்லப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. பிரிக்காமல் தண்ணீர் ஊற்றினால்தான் வினை. நனைந்து காயும்போது அது சுருங்கி இறுகிக் கம்பளித் துணியைப்போல் ஆகிவிடும். அதற்கப்புறம் சீப்பு போகாது, காற்று போகாது, ஈரம் மட்டும் உள்ளேயே தங்கும்.

லித்தா அந்த வினையைத்தான் செய்திருந்தாள். நாயை ஒரு நல்ல மழையில் நிறுத்தி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, சிக்கு தானாக அவிழ்ந்துவிடும் என்று நினைத்தாள். ஏன் அப்படி நினைத்தாள் என்றால், கத்தரிக்கோலைத் தொட அவளுக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம், தார்ப்பாயின் மூலையில் கவிழ்த்த வாளியின்மேல் சிவப்பு அங்கியோடு நின்றுகொண்டிருந்தது. சாந்தோ நின்யோ, குழந்தை இயேசு. பெரிய நடுக்கம் வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அவள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது இரண்டைத்தான், நாயையும் இந்தச் சிலையையும். அவள் கணவன் மெந்தோய் மின்வாரியக் கூட்டுறவில் லைன்மேன். அன்றைக்கே மலைப்பக்கம் கம்பிகளைச் சரிசெய்யக் கிளம்பிவிட்டான். பூமி ஆடிக்கொண்டிருக்கும்போது கம்பத்தின் உச்சியில் தொங்குகிற வேலை. அவன் வண்டியேறிப் போன கையோடு அவள் சிலைக்குமுன் மண்டியிட்டு நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொள்கிறவர்கள் முடியைத்தான் நேர்ந்துகொள்வார்கள்; வேண்டியது நடக்கும்வரை வெட்டாமல் வளர்ப்பார்கள். லித்தாவோ கொஞ்ச நாளுக்குமுன்தான் தன் முடியைக் கழுத்தளவுக்குக் கத்தரித்திருந்தாள். வீட்டில் நீளமான முடி என்று இருந்தது நாயினுடையது மட்டும்தான்.

'மெந்தோய் முழுசா வீட்டுப் படி ஏறுற வரைக்கும் இந்த நாய்மேல கத்தரிக்கோல் படாது.' பதற்றத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா?

அவன் காலையில் பேசியிருந்தான். மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறையின்மேல் நின்று. பங்கா என்றுதான் அவளைச் செல்லமாகக் கூப்பிடுவான்.

"நேத்து மேல இருக்கும்போதே ஒண்ணு வந்துச்சு பங்கா. கம்பம் தென்னை மாதிரி ஆடுச்சு."

"கெட்டியாப் பிடிச்சுக்கிட்டியா?"

"பிடிக்கக் கூடாது. பிடிச்சுக்கிட்டு இருக்கற கை வேலை செய்யாது. மொத்த எடையையும் இடுப்பு பெல்ட்டுமேல போட்டுட்டு அப்படியே சாஞ்சிடணும். அது தாங்கும்னு விட்டுட்டா ரெண்டு கையும் சும்மா கிடைக்கும், பாரு."

"தாங்காதுன்னு தோணுச்சுன்னா?"

"தோணுச்சுன்னா அந்தக் கம்பத்தையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான், உன்னைக் கட்டிக்கிட்ட மாதிரி. தாஹோ எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது நல்லா இருக்கிறவன் அவள் மடியில் தலையைச் சாய்த்து, பின்காலால் காதைச் சொறிய முயன்று, வலித்து, முனகினான்.

"என்ன இண்டாய், இன்னுமா அந்த நாய்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க?" பக்கத்துத் தார்ப்பாயிலிருந்து மனாங் சோலிங் எட்டிப் பார்த்தாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு தெருவுக்கே தான்தான் வாய் என்று எடுத்துக்கொண்டவள். தெருவுக்கு அவள் மனாங், அதாவது அக்கா; அவளுக்கு இளையவர்கள் எல்லாரும் இண்டாய், தங்கச்சி. கையில் கருவாட்டுத் தட்டு.

"கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா மனாங்?"

"நாயையா? அது என்னைக் கண்டாலே முறைக்கும்."

"தலையை மட்டும்."

மனாங் சோலிங் தட்டை வைத்துவிட்டு வந்து தாஹோவின் தலையை இரண்டு கையாலும் இறுக்கினாள். லித்தா கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள். நடுக்கம் தொடங்கியது. பிறகு ஓர் உறுமல், ஒரு திமிறல், துணி கிழிகிற சத்தம்.

"ஐயையோ என் சட்டை! நிவாரணத்துல வந்த சட்டை! இன்னைக்குத்தான் போட்டேன்!" அவள் துள்ளிப் பின்னால் போனாள். "கடன்காரா, என் கையைக் கடிச்சாக்கூட ஆறிப்போயிடும், சட்டையைக் கடிச்சுட்டியே!"

தாஹோ வாளிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது. காது ஒருபக்கம் தொங்கியது. ஈ மறுபடி வந்து உட்கார்ந்தது.

"முன்னெல்லாம் நீ வெட்டும்போது இது வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குமே" என்றாள் மனாங் சோலிங், கிழிந்த சட்டைக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "இப்ப என்ன வந்துச்சு இதுக்கு?"

"அப்ப நேர்ச்சை இல்ல மனாங்."

"என்ன நேர்ச்சை?"

லித்தா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மனாங் சோலிங் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல்.

"நாய் முடியையா? சாமிக்கு? வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? எதிர்வீட்டுப் பூனை வாலையும் சேர்த்து நேர்ந்துக்க வேண்டியதுதானே!"

"சிரிக்காதீங்க. நான் இங்க வெட்டி, அங்க அவர் கம்பத்துல..."

மனாங் சோலிங் சிரிப்பை நிறுத்தினாள். எழுந்துபோய் சாந்தோ நின்யோவின் அங்கி ஓரத்தைப் பிடித்து விரித்துக் காட்டினாள்.

"இங்க வா. இதைப் பாரு. என்ன ஒட்டியிருக்கு?"

சிவப்புத் துணியின் ஓரத்தில் ஒட்டுப்புல் விதைகள். ஊசிபோல் மெலிந்து, பழுப்பாக.

"வெளிய வச்சிருக்கோம்ல, காத்துக்கு வந்து ஒட்டியிருக்கும்."

"உங்க அம்மா உனக்கு ஒண்ணும் சொல்லி வளர்க்கலையா? ராத்திரியில இந்தப் பிள்ளை இறங்கி ஊரைச் சுத்தும். யாரு அழுவுறா, யாரு பட்டினின்னு பார்த்துட்டு விடியறதுக்குள்ள வந்து நின்னுக்கும். துணியெல்லாம் ஒட்டுப்புல்லா இருக்கும். கோயில்ல உட்கார்ந்து நான் எத்தனை தடவை பொறுக்கியிருக்கேன் தெரியுமா?" அவள் ஒரு விதையைக் கிள்ளி எடுத்து லித்தாவின் உள்ளங்கையில் வைத்தாள். "நீ வேண்டினது ஒரு பெரிய மனுஷன்கிட்ட இல்ல இண்டாய். ஒரு சின்னப் பிள்ளைகிட்ட. எந்தப் பிள்ளையாவது, 'என் பேரைச் சொல்லி நாய் காதுல புழு வைக்கட்டும்'னு கேக்குமா?"

லித்தா சிலையின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் வண்ணம் கொஞ்சம் உரிந்திருந்தது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும்.

"கேக்காது" என்றாள்.

"அப்ப வெட்டு. வெட்டுன முடியை இந்தப் பிள்ளை காலடியிலயே வை. மெந்தோய் வந்ததும் மிச்ச முடியையும் குடுத்துக் கணக்கை முடி. நான் சட்டை தைக்கப் போறேன்."

மனசு ஒப்புக்கொண்டது. கை ஒப்புக்கொள்ளவில்லை. தாஹோவைத் தூக்கிவந்து மடியில் போட்டு, கத்தரிக்கோலை எடுத்ததும் மறுபடியும் அதே நடுக்கம். லித்தாவுக்கு அழுகை வந்தது. தார்ப்பாயின் ஓட்டை வழியே விழுந்த வெயில் வட்டம் சிமெண்டுத் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அது சுவரைத் தொட்டுவிட்டால் பிறகு வெளிச்சம் இருக்காது.

பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள் அவள். அடுப்பு எரியவில்லையென்றால் அழுவதில்லை. குழாயில் கோளாறா, குமிழில் கோளாறா, சிலிண்டரில் கோளாறா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பாள். இதையும் அப்படியே பார்த்தால் என்ன?

முதலில் நாயைத் தனியாகத் தரையில் படுக்கவைத்தாள். நடுக்கமில்லை. கத்தரிக்கோலை அதன் மூக்குக்கு முன்னால் வைத்தாள். தாஹோ மோந்து பார்த்து, சலித்துப்போய், தலையைத் திருப்பிக்கொண்டது. ஆக, நாய்க்குக் கத்தரிக்கோலைக் கண்டு பயமில்லை. அடுத்து இடது கையால் அதன் காதை மட்டும் பிடித்தாள். அப்போதும் நடுக்கமில்லை. காதை விடாமலே வலது கையால் கத்தரிக்கோலை எடுத்தாள். நாய் அதைப் பார்க்கக்கூட இல்லை, அதன் முகம் அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் காது அவள் விரலுக்குள் விறைத்தது. தோல் நடுங்கத் தொடங்கியது.

பார்க்காததற்கு எப்படிப் பயந்தது?

லித்தா நாயை விட்டுவிட்டு, இடது கையில் காதுக்குப் பதில் தண்ணீர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் லேசாகச் சாய்ந்து அடங்கியது. வலது கையால் கத்தரிக்கோலை எடுத்தாள்.

தண்ணீரின்மேல் வளையம் வளையமாக அலை.

கீழே வைத்தாள். அடங்கியது. எடுத்தாள். அலை. கத்தரிக்கோல் இருந்தது வலது கையில். ஆடியது இடது கையிலிருந்த தண்ணீர். பயம் ஒரு கையோடு நிற்பதில்லை, தோள் வழியாக அடுத்த கைக்கும் போகிறது. அங்கிருந்து நாயின் காதுக்குப் போகிறது. நாய் நடுங்குகிறது. அந்த நடுக்கம் அவள் விரலுக்குத் திரும்பி வருகிறது. பூமிதான் ஆடுகிறதோ என்று அவள் இன்னும் பயப்படுகிறாள். ஒரு சக்கரம். சுற்றச் சுற்ற வேகம் கூடும் சக்கரம். அதைச் சுழற்றிவிடுவது தன் கைதான்.

கண்டுபிடித்தாகிவிட்டது. நிறுத்துவது எப்படி?

"இண்டாய்!" பக்கத்திலிருந்து குரல். "சட்டைக்கு ஒட்டுப்போடத் துணி இல்ல, உன் நாயோட முடியைக் குடு, கம்பளியா நெய்ஞ்சுக்கறேன்!"

லித்தாவுக்கு அழுகையினூடே சிரிப்பு பீறிட்டது. சிரித்தபடியே தம்ளரைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. தண்ணீர் ஆடவில்லை.

சிரிப்பு முடிந்து மூச்சை உள்ளே இழுத்தாள். அலை வந்தது. மெல்ல ஊதி வெளியே விட்டாள். அலை போனது. மறுபடி இழுத்துப் பார்த்தாள், மறுபடி விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே. இவ்வளவு நேரமும் கத்தரிக்கோலை எடுத்தபோதெல்லாம் மூச்சை இழுத்து நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறாள்! மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வேகமாக அடிக்கிறது, விடும்போது மெதுவாகிறது. எல்லா உடம்பிலும் எப்போதும் நடப்பதுதான், யாரும் கவனிப்பதில்லை. பயத்தில் இருக்கிறவள் இழுத்ததை விடாமல் வைத்துக்கொண்டால் உடம்பு ஓடத் தயாராகவே நின்றுகொண்டிருக்கும். ஓடத் தயாரான உடம்பில் கை எப்படி நிற்கும்?

இன்னொன்றையும் சோதித்தாள். கை அந்தரத்தில் நீண்டிருக்கும்போது மூச்சு விட்டாலும் ஒரு மெல்லிய நடுக்கம் மிச்சமிருந்தது. தன் எடையைத் தானே தூக்கி நிற்கிற கை அது. 'பிடிச்சுக்கிட்டு இருக்கற கை வேலை செய்யாது.' அவள் கால்களை மடக்கி உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் தொடைமேல் முழுக்க ஊன்றினாள். பாரத்தைத் தொடை வாங்கிக்கொண்டது. தம்ளர் கல்லாக நின்றது.

அப்புறம் தாஹோவை அள்ளி மடிக்குழியில் வைத்தாள், முதுகு தன் வயிற்றோடு ஒட்டும்படி. இறுக்கிப் பிடிக்கவில்லை, சாய்த்துக்கொண்டாள். சமையல் பெட்டியிலிருந்த சோளமாவை எடுத்துச் சடையின்மேல் தூவி விரலால் தேய்த்தாள். ஈரத்தையும் பிசுக்கையும் மாவு குடித்துக்கொண்டால் இழைகள் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். பிறகு நெருக்கமான பல் உள்ள சீப்பைத் தோலை ஒட்டிப் படுக்கைவாக்கில், சடையின் அடியில் மெல்லச் செருகினாள். இனி சீப்புக்குக் கீழே இருப்பது தோல். மேலே இருப்பது முடி மட்டும். சீப்பு இருக்கும்வரை கத்தரிக்கோல் தோலைத் தொட முடியாது.

மூச்சை இழுத்தாள். காத்திருந்தாள். விட்டாள். விடும்போது வெட்டினாள்.

கறுக்.

தாஹோவின் காது துடித்தது, ஆனால் விறைக்கவில்லை. இழுத்தாள், கத்தரிக்கோல் சும்மா இருந்தது. விட்டாள்; வெட்டினாள். சடையைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் கீறிக் கீறி இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்தாள். பிளந்ததை விரலால் பிரித்தாள். நாயின் விலா அவள் வயிற்றில் ஏறி இறங்கியது. முதலில் படபடவென்று ஏறி இறங்கியது. பிறகு அவள் மூச்சோடு சேர்ந்துகொண்டது. பயம் அவளிடமிருந்து நாய்க்குப் போன அதே வழியில்தான் இந்த அமைதியும் போயிருக்க வேண்டும்.

பாதிச் சடை பிரிந்து வந்திருந்தபோது நாய் தலையைத் தூக்கியது.

தம்ளரில் அலை. இந்தத் தடவை கை தம்ளருக்குப் பக்கத்தில்கூட இல்லை. அடுத்த நொடி தரைக்கு அடியிலிருந்து லாரி ஓடுவதுபோல் உறுமல். தார்ப்பாயின் கழிகள் கிரீச்சிட்டன. வீட்டுக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. தெருவெல்லாம் அலறல். "இறங்கு! வெளிய வா!" என்று யார் யாரையோ கூப்பிட்டார்கள். கத்தரிக்கோல் திறந்தபடி இருந்தது, நாயின் காதுக்குப் பின்னால். லித்தாவின் உடம்பு மொத்தமும் எழுந்து ஓடச் சொன்னது. ஓடினால் கத்தரிக்கோல் எங்கே போகும்?

விரல்களைத் திறந்தாள். கத்தரிக்கோல் பக்கவாட்டில் தரையில் விழுந்தது. நாயின்மேல் கவிழ்ந்து, அதன் தலையை வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டு மூச்சை விட்டாள். விட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே எதுவும் மிச்சமில்லாமல் போகும்வரை விட்டாள். சாந்தோ நின்யோ வாளியின்மேல் தத்தளித்து, சுற்றி, நின்றது.

நடுக்கம் போன பிறகும் தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடியது. லித்தாவின் மனம் மலைக்குப் போய்விட்டது. கம்பம். தென்னை மாதிரி. போனை எடுத்து அழைத்தாள், மணியே போகவில்லை. மறுபடி அழைத்தாள். இல்லை. நான் வெட்டினேன், அதனால்தான். இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. தாஹோவின் தோல் உடனே நடுங்கத் தொடங்கியது. காதிலிருந்து பாதிச் சடை அறுந்து தொங்கியது. அடியில் சிவந்த புண். ஈ ஒன்றல்ல, இரண்டு.

"மனாங்!" என்று கத்தினாள்.

"உயிரோடதான் இருக்கேன்! நீ?"

"போன் போகல!"

"யாருக்குமே போகல! கோபுரம் ஆடினா அப்படித்தான்! நீ கையில இருக்கறதைப் பாரு!"

கையில் இருப்பது நாய். மலையில் நடப்பதை இங்கிருந்து ஒரு மயிரளவுகூட மாற்ற முடியாது. இந்தக் காதை முடியும். பயம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, எழுந்து போகவில்லை. அவளும் அதைப் போகச் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். முழங்கையைத் தொடையில் ஊன்றினாள். இழுத்தாள், நிறுத்தினாள். விட்டாள், வெட்டினாள்.

சடை முழுதாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தபோது அதன் நடுவில் ஏதோ குத்தியது. பிரித்துப் பார்த்தாள். ஒட்டுப்புல் விதை. இதைச் சுற்றித்தான் முதல் சிக்கு விழுந்திருக்கிறது. வாளியின்மேல் நிற்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். சடையை அப்படியே அவர் காலடியில் வைத்தாள்.

புண் ஒரு நாணயத்தின் அகலம்தான். ஓரத்தில் அரிசி நொய்யைப்போல் வெள்ளையாக ஈ முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, இன்னும் பொரியவில்லை. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைத் துணியில் தோய்த்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். சுற்றியிருந்த முடியைச் சீப்பின்மேல் பிடித்துக் குட்டையாக்கினாள், காற்று படட்டும் என்று. தாஹோ தலையை உதறியது. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு காதும் சேர்ந்து அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அது வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டது.

வெயில் வட்டம் சுவரில் ஏறியிருந்தது. லித்தா போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூச்சு அடைத்தது, விட்டாள். அடைத்தது, விட்டாள். மனாங் சோலிங் மக்காச்சோளச் சோற்றையும் கருவாட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது.

"பங்கா." மெந்தோயின் குரல் மெலிந்திருந்தது. "ஒண்ணும் ஆகல. மேலதான் இருந்தேன். பெல்ட்டு தாங்கிடுச்சு. இறங்கிட்டேன்."

மனாங் சோலிங் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"ஆனா மறுபடி ஏற முடியல" என்றான் அவன். "இன்னும் ஒரே ஒரு போல்ட்டை முடுக்கறதுதான் பாக்கி. அதை முடிச்சா இங்க ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வந்துடும். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. கை நிக்க மாட்டேங்குது. ஸ்பேனர் கழண்டு கழண்டு விழுது. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்ல."

"ஏறாதேன்னு சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்" என்றான்.

"அப்ப நான் சொல்றதைக் கேளு. தாஹோ காதுக்குப் பின்னாடி பெரிய சடை, அடியில புண்ணு. காலையில உன்கிட்டப் பொய் சொன்னேன். இப்பதான் வெட்டி எடுத்தேன். நடுவுல அந்த நடுக்கமும் வந்துச்சு."

"கை நடுங்கலையா உனக்கு?"

"நடுங்குச்சு. நிறுத்திட்டேன். எப்படின்னு கேளு. பெல்ட்டுமேல சாஞ்சுக்கோ, அது உனக்கே தெரியும். ரெண்டு முழங்கையையும் கம்பத்துல ஊன்றிக்கோ, கையை அந்தரத்துல நீட்டாதே. மூச்சை இழுக்கும்போது எதையும் தொடாதே. விடும்போது மட்டும் முடுக்கு. மூச்சு முடிஞ்சா நிறுத்திடு. மறுபடி இழு, சும்மா இரு. மறுபடி விடு, முடுக்கு. அவ்வளவுதான்."

மறுமுனையில் மெந்தோய் மூச்சை இழுத்து, மெல்ல ஊதி விட்டான்; பிறகு, "ஏறுறேன் பங்கா" என்றான்.